வேப்பம்பாறையில் அடிக்கல் முளைத்தது

வேப்பம்பாறை நகரசபை நாட்டிய அடிக்கல், இரண்டாவது ஆனி மழையில் முளைவிட்டது. முதலில் பார்த்தவள் கவுன்சிலர் சுப்பாத்தாள். கல்லின் கிழக்குப் பக்கத்தில், கட்டைவிரல் பருமனுக்குச் சாம்பல் நிறத்தில் ஒன்று தலைநீட்டிக்கொண்டிருந்தது. காளான் என்று நினைத்துக் கிள்ளப் பார்த்தாள், நகம்தான் மடங்கியது. குனிந்து முகர்ந்தால் ஈரச் சிமென்ட் வாசனை. நுனியில் பூனை மீசை போல ஒரு கம்பி, துரு ஏறாத புதுக் கம்பி, வெயில் வரும் பக்கமாகச் சாய்ந்து நின்றது. அந்த வாரம் வேலந்தாவளம் சந்தையில் தக்காளி விலை சரிந்திருந்தது, பெருமாட்டிப் பக்கம் தேங்காய்க்கு நல்ல விலை கிடைத்தது, வேப்பம்பாறையில் அடிக்கல் முளைத்திருந்தது. ஊர் மூன்றையும் ஒரே மூச்சில் பேசியது. தக்காளியைப் பற்றித்தான் அதிகம் பேசியது.

வேப்பம்பாறை, கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், பெருமாட்டிக்கு அந்தப் பக்கம், கேரள எல்லைக்குள் தமிழ் பேசிக்கொண்டு இருக்கிற ஊர். பஞ்சாயத்தாக இருந்தவரை அதனிடம் ஒரு டிராக்டரும் ஒரு தள்ளுவண்டியும் இருந்தன, இரண்டும் ஓடின. நகரசபையாக உயர்த்தப்பட்ட பிறகு குப்பை லாரி வந்தது, தண்ணீர் டேங்கர் வந்தது, ஜேசிபி வந்தது, தெருவிளக்கு மாற்றுகிற ஆளை மேலே தூக்கும் ஏணிவண்டி வந்தது. ஒவ்வொன்றுக்கும் சந்தனம் பூசி, கொடியசைத்து, போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இவற்றை நிறுத்தவும் பழுதுபார்க்கவும் ஓர் இடம் வேண்டும் என்பது போட்டோவில் விழுகிற சங்கதி இல்லை என்பதால் யாருக்கும் தோன்றவில்லை. வண்டிகள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் புளியமரத்தடியில் காக்கை எச்சம் வாங்கிக்கொண்டு நின்றன. ரோட்டில் படுத்துவிட்டால் டிரைவரும் கூடவே அடியில் படுத்துப் பார்ப்பார். அவரால் ஆகாததைக் கோயம்புத்தூருக்குக் கட்டி இழுத்துப் போவார்கள். போன வண்டி வீடு திரும்புவதற்குள் அதை ஓட்டியவருக்குப் பென்ஷன் வந்துவிடும்.

டேங்கரை ஓட்டியவன் சுப்பாத்தாளின் புருஷன் மாரப்பன். ஒரு பங்குனி மதியம் கோபாலபுரம் ரோட்டில் டேங்கர் நின்றுவிட்டது. தெருவே குடத்தோடு காத்திருக்கிறது என்று போன்மேல் போன். மாரப்பன் ரோட்டோர மண்ணில் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் ஜாக்கியை வைத்து, வண்டியைத் தூக்கி அடியில் படுத்தான். வண்டி நிறையத் தண்ணீர். எங்கோ ஒழுகி மண் இளகிக்கொண்டிருந்ததை அவன் பார்க்கவில்லை. பலகை சாய்ந்தது. நகரசபை அவனுக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்றது. எழுந்து நின்ற சூட்டோடு சூடாக, 'ஒருங்கிணைந்த நகரப் பராமரிப்பு மையம்' ஒன்றைக் கட்டுவதென்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. பிறகு உட்கார்ந்தது. உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க நாளானது.

அடுத்த தேர்தலில் அந்த வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே நாள் சாயங்காலம் வாழைப்பழத்தோடு சுப்பாத்தாள் வீட்டுக்கு வந்தார்கள். முந்தி வந்தவர்களிடம் அவள் சரி என்றாள். வாய்ப்பேச்சில்லாத பொம்பளை, ஊர் முழுக்க அனுதாபம் இருக்கிறது, காட்டின இடத்தில் கையெழுத்துப் போடும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு ஏறக்குறைய சரிதான். அவள் எல்லாக் கூட்டத்துக்கும் வந்தாள், கடைசி வரிசையில் உட்கார்ந்தாள், டீயும் பிஸ்கட்டும் தொடமாட்டாள். எல்லாரும் கிளம்புகிற நேரத்தில் மட்டும் எழுந்து, “ஏனுங் தலைவரே, அந்த வண்டிச் செட்டு எப்பங்க?” என்று கேட்பாள். தலைவர் பூபதிராஜா தென்னந்தோப்புக்காரர், வெள்ளைச் சட்டை, தாராள மனசு. தன் பெயரைக் கல்லில் பார்ப்பதில் அவருக்கு இருந்த பிரியத்தைத் தவிர மற்றபடி குற்றம் சொல்ல முடியாத மனிதர். “திட்டத்துல இருக்குது அம்மிணி” என்பார். திட்டத்தில்தான் இருந்தது. திட்டத்தை விட்டு வெளியே வர அதற்கு வழி தெரியவில்லை.

திட்டம் தீட்ட எர்ணாகுளத்திலிருந்து ஓர் ஆலோசனைக் கம்பெனி வந்தது. கூட்ட அறையில் திரை கட்டிப் படம் காட்டினார்கள். கண்ணாடிக் கட்டடம், முன்னால் புல்தரை, புல்தரையில் நாயைப் பிடித்தபடி ஒரு வெள்ளைக்காரப் பெண். வேப்பம்பாறையில் புல்தரையும் இல்லை, வெள்ளைக்காரியும் இல்லை, நாய் மட்டும் நிறைய உண்டு என்பதால் திட்டம் மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே நிறைவேறிவிட்டதாகப் பூபதிராஜா சந்தோஷப்பட்டார். குப்பை லாரி எங்கே நிற்கும் என்று சுப்பாத்தாள் கேட்டாள். லாரி இரண்டாம் கட்டத்தில் வருகிறது என்று பதில் வந்தது. வண்டிக்கு அடியில் ஆள் நின்று வேலை பார்க்கிற குழி எங்கே என்று கேட்டாள். குழி பார்வைக்கு நன்றாக இருக்காது, அதற்குப் பதிலாக ஊழியர்களின் மன அமைதிக்கு ஒரு தியான அறை வைத்திருக்கிறோம் என்றார்கள். எல்லாரும் கை தட்டினார்கள்.

திட்டத்துக்கு அனுமதி வாங்கக் காகிதங்கள் கிளம்பின. அதில் முதலாவதுக்குப் பேர் பரணானுமதி. நிர்வாக ஒப்புதல் என்பதற்கு மலையாளத்தில் சொல்வது. அதைப் பரணில் தூக்கிப் போட்டு வைப்பதற்கான அனுமதி என்றுதான் சுப்பாத்தாள் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தாள்; அவள் புரிந்துகொண்டது தப்பு என்று நிரூபிக்கிற மாதிரி எதுவும் நடக்கவுமில்லை. நிதி மூன்று இடத்திலிருந்து வரவேண்டும். வங்கிக் கடன் வந்தால் அரசு தன் பங்கைத் தரும், நகரசபை தன் பங்கைக் கட்டினால் வங்கி கடன் தரும், அரசின் பங்கு வந்தால் நகரசபை தன் பங்கைக் கட்டும். கல்யாண வீட்டு வாசலில் சம்பந்திகள் “நீங்க முன்னால போங்க” என்று ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டு நிற்பதுபோல மூன்று பேரும் நின்றார்கள். ஒரு வருஷம் மட்டும், மார்ச் மாதக் கடைசி நாள் சாயங்காலம், அரசின் பங்கு நிஜமாகவே வந்தது. ஆபீஸ் பூட்டியிருந்ததால் வராந்தாவில் சற்றுநேரம் நின்றுவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விட்டது. அது நின்ற இடத்தில் ஈரமாக இரண்டு காலடித் தடம் இருந்ததை மறுநாள் பெருக்க வந்தவர்கள் பார்த்தார்கள். துடைத்துவிட்டார்கள்.

பராமரிப்பு என்றால் என்ன என்று நேரில் கண்டறிய நகரசபை சிங்கப்பூர் போக விரும்பியது. மேலே இருந்தவர்கள் ஒத்துக்கொள்ளாததால் மூணாறு போனார்கள். குளிர் அதிகமாக இருந்ததால் உறுப்பினர்கள் தங்கிய இடத்திலேயே கம்பளிக்குள் இருந்தபடி கண்டறிந்தார்கள். சுப்பாத்தாள் மட்டும் ஜீப் பிடித்து ஒரு எஸ்டேட்டின் பணிமனையைப் பார்க்கப் போனாள். அங்கே தேயிலை ஏற்றும் லாரி ஒன்று நீளக் குழிமேல் நின்றது. குழிக்குள் ஓர் ஆள் நிமிர்ந்து நின்றபடி, வாயில் பாட்டோடு, தலைக்கு மேலே நட்டு முடுக்கிக்கொண்டிருந்தார். பணிமனையில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலுத்தாய், வந்தவளுக்குப் பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தாள். குழியை விட்டுக் கண்ணெடுக்காமல் நின்ற சுப்பாத்தாளைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு. எங்கள் ஊரில் இது கிடையாது என்று சுப்பாத்தாள் சொன்னாள்.

“குழி இல்லாம என்ன செய்வாக? வண்டிக்கு அடியில மல்லாந்து படுக்கவா செய்வாக? நல்ல கூத்தா இருக்கே” என்றாள் வேலுத்தாய்.

சுப்பாத்தாள் சாயாவைக் குடித்து முடித்தாள். டம்ளரைத் தானே கழுவி வைத்தாள். திரும்பி வருகிற வழியெல்லாம் கொண்டை ஊசி வளைவுகளில் மற்றவர்கள் வாந்தியெடுத்தார்கள். அவள் அந்தக் குழியின் நீள அகலத்தை விரல்விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள்.

பிறகு ஒரு சட்டசபைத் தேர்தல் நெருங்கியது. தேதி அறிவித்துவிட்டால் கல் நாட்டக்கூடாது என்று சட்டம் இருப்பதால், அறிவிப்பதற்குள் நாட்டிவிட வேண்டும் என்று பூபதிராஜா பரபரத்தார். நிதி ஒரு பைசாகூட ஒதுக்கப்படவில்லையே என்று உதவிப் பொறியாளர் ஜின்சன் தயங்கித் தயங்கிச் சொன்னான். தொடுபுழைப் பக்கத்துப் பையன், வேலைக்கு வந்து இரண்டு வருஷம், இரவில் தணிக்கைக் கனவு கண்டு எழுகிறவன். “கல்லுக்கு எதுக்குப்பா நிதி? கல்லுதான் வந்துருச்சுல்ல” என்றார் பூபதிராஜா. பெருமாட்டி ரோட்டில், ஆமணக்கும் முளைக்காத ஒரு கரட்டு நிலம் அவர் மச்சினனுக்கு இருந்தது. நகரசபை அதை வாங்கியது. மந்திரி ஒருவர் வந்தார். குழியில் பால் ஊற்றினார்கள், நவதானியம் போட்டார்கள், கருங்கல்லை இறக்கினார்கள். கல்லில் மந்திரி பெயர் பெரிதாகவும் பூபதிராஜா பெயர் அதைவிடச் சற்றே பெரிதாகவும் வெட்டியிருந்தது. எல்லாரும் போன பிறகு வாடிய செண்டுமல்லி மாலையும் கல்லும் வெயிலில் கிடந்தன.

சுப்பாத்தாள் தன் தென்னங்காட்டுக்குப் போகிற வழி அது. நட்டதற்குத் தண்ணீர் விடாமல் தாண்டிப் போகிற பழக்கம் அவள் பிறந்த வீட்டிலும் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை. கல் வெயிலில் காய்வதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு நாள் தூக்குப்போசியில் மிச்சமிருந்த தண்ணீரை அதன் தலையில் ஊற்றினாள். மறுநாள் ஒரு குடமாகவே கொண்டு வந்தாள். பார்த்தவர்கள், துக்கம் தலைக்கேறிவிட்டது பாவம் என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். ஆடு கடிக்காமலிருக்கச் சுற்றிலும் முள் அடைத்தாள். மாட்டுச்சாணியைக் கரைத்து ஊற்றினாள். கூட்டத்தில் பேச வராத பேச்சு கல்லிடம் வந்தது: கண்ணாடி வேண்டாம், புல்லு வேண்டாம், நாய் வேண்டவே வேண்டாம், இந்த நீளத்துக்கு ஒரு குழி, இரண்டு பக்கமும் டயர் நிற்கிற மாதிரி கெட்டியான சுவர், இறங்கப் படி, மேலே மழை ஒழுகாத கூரை, காற்று வர ஜன்னல், அவ்வளவு போதும் என்று கன்றுக்குட்டியிடம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வருஷம் முழுக்கக் கல் ஒன்றும் பதில் சொல்லவில்லை. அடுத்த ஆனியில் முளைவிட்டது.

ஆடிக் காற்றில் தூண்கள் முழங்கால் உயரம் வந்தன. ஆவணியில் கணுக் கணுவாக நீண்டன. ஒவ்வொரு கணுவிலும் கம்பிகள் தாமாக ஒன்றையொன்று தேடிப் பின்னிக்கொண்டன. சுவர், தரையோரத்தில் பாசிபோலத் தோன்றி மேலேறியது. பூச்சு, வெளிப்பக்கம் மட்டும், வேப்பம்பட்டை போலச் சொரசொரப்பாக இருந்தது. கூரை புரட்டாசி வரை சுருட்டிக்கொண்டு நின்றது. ஒரு நல்ல மழைக்குப் பிறகு கமுகம்பாளை விரிவதுபோலச் சத்தமில்லாமல் விரிந்தது. நடுவில் மண் தானாக உள்வாங்கி ஒரு நீளக் குழி இறங்கியது, படிக்கட்டோடு. கோடையில் மட்டும் கொஞ்சம் திண்டாட்டம். மாசி வெயிலில் மேற்குச் சுவர் வெடித்து, இரண்டு ஜன்னல் வாடி உதிர்ந்துவிட்டன. சுப்பாத்தாள் தன் தென்னைக்குப் பாய்கிற தண்ணீரை இங்கே மாற்றிவிட்டாள்; அந்த வருஷம் அவள் மரங்களில் குரும்பை கொட்டியது. நகரசபை டேங்கரில் ஒரு நடை தண்ணீர் கேட்டதற்கு, கட்டடத்துக்குத் தண்ணீர் விடுகிற தலைப்பு வரவுசெலவுத் திட்டத்தில் இல்லை என்று பதில் வந்தது.

பூபதிராஜாவுக்கு இதில் ஒரு மனக்குறை. அடிக்கல் வளர வளர, அதில் வெட்டிய எழுத்துகளும் கூடவே வளர்ந்து இழுபட்டன. முதலில் மந்திரியின் பெயர் கிழக்குச் சுவர் நெடுகப் படர்ந்து வரிவரியான கோடாகிவிட்டது. பிறகு இவர் பெயரும் ஒவ்வொரு எழுத்தாகப் பிரிந்து போயிற்று. கடைசியில் வாசல் தூணில் ஒரு ‘பூ’ மட்டும் ஆளுயரத்துக்கு நின்றது. ஊரார் அதைக் கட்டடம் பூ விட்டதற்கு அடையாளம் என்றார்கள். தலைவர் கொத்தனாரை வைத்து மிச்ச எழுத்துகளைச் சேர்த்து எழுதப் பார்த்தார். சிமென்ட் காய்ந்ததும் சுவர் அதைத் தோல் உரிப்பதுபோல உரித்துக் கீழே போட்டுவிட்டது.

ஜின்சன் ஆய்வுக்கு வந்தது ஐப்பசியில், அடைமழைக்கு நடுவே. நாடா வைத்து அளந்தான், சுத்தியால் தட்டிப் பார்த்தான், குழிக்குள் இறங்கி ஏறினான். ஒரு மூலை பிசகில்லை. படித்ததெல்லாம் மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட, வெளிறிப்போய் வந்து சுப்பாத்தாளிடம் நின்றான்.

“மெம்பரே, பில்டிங் நல்லா இருக்கு. பட்சே எஸ்டிமேட் இல்ல. எஸ்டிமேட் இல்லாத பில்டிங் ரிக்கார்டுல இல்ல. ரிக்கார்டுல இல்லேன்னா, இது இங்க இல்ல.”

“இல்லாத கட்டடத்துலதானுங் சார் நீங்க மழைக்கு ஒதுங்கியிருக்கறீங்க” என்றாள் சுப்பாத்தாள்.

அவன் மேலே கூரையைப் பார்த்தான். நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டான்.

இல்லாத கட்டடத்துக்குள் வண்டிகள் போக ஆரம்பித்தன. யாரும் உத்தரவு போடவில்லை. மாரப்பனுக்குப் பிறகு டேங்கர் ஓட்டிய சின்னையன், கிளட்ச் தேய்ந்து ரோட்டில் நின்ற வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து குழிமேல் ஏற்றினான். அடுத்த வாரம் ஏணிவண்டி வந்தது. பிறகு ஜேசிபி. கோயம்புத்தூருக்குப் போகிற வழியையே வண்டிகள் மறந்துவிட்டன. தெருக்களில் குப்பை நேரத்துக்கு எடுக்கப்பட்டது, விளக்கு எரிந்தது. நகரசபையின் மேல் சொல்லக் குறை இல்லாமல் எதிர்க்கட்சிக்காரர்கள் இளைத்துப்போனார்கள்.

ஒரு நாள் மத்தியானம் சின்னையன் சாப்பிடப் போயிருந்தபோது சுப்பாத்தாள் படியில் இறங்கிக் குழிக்குள் நின்றாள். மேலே டேங்கர். மாரப்பன் ஓட்டிய அதே டேங்கர். இத்தனை வருஷத்தில் அவள் அதன் முகத்தைத்தான் பார்த்திருந்தாள், ரோட்டில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டும் இருந்தாள். அடிவயிற்றை இப்போதுதான் பார்க்கிறாள். கரி, எண்ணெய்ப் பிசுக்கு, நீளமான ஒரு கம்பி, சொட்டுச் சொட்டாய் ஒழுகுகிற ஒரு குழாய். அவன் கடைசியாகப் பார்த்தது இவ்வளவுதான் போலிருக்கிறது. கையை உயர்த்தித் தொட்டாள். எட்டியது. நின்ற மேனிக்கு எட்டியது. இரண்டு பக்கச் சுவரும் டயரைத் தாங்கிக்கொண்டு அசையாமல் இருந்தன. அவனும் இவள் உயரம்தான், இரண்டு விரற்கடை கூட இருக்கும். செத்த அன்றும், பதினாறாம் நாளிலும், ஓட்டுக் கேட்டுப் போன வீடுகளிலும் அழாதவள், அங்கே நின்றபடி அழுதாள். சின்னையன் வெற்றிலை போட்டுக்கொண்டு திரும்பி வந்தவன், குழியிலிருந்து சத்தம் கேட்டு, கொஞ்சம் தள்ளிப்போய் வெயிலில் உட்கார்ந்துகொண்டான்.

அந்த வருஷக் கடைசியில் வங்கியிலிருந்து கடிதம் வந்தது. ஒருங்கிணைந்த நகரப் பராமரிப்பு மையத்துக்குக் கடன் தருகிறோம், நிலம் காலியாக இருக்கிறதென்று சான்று அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள். இத்தனை வருஷமாக வாசலில் மரியாதை செய்துகொண்டிருந்த மூன்று பேரில் ஒருவர் கடைசியில் உள்ளே கால் வைக்கிறார். வைக்கிற இடத்தில் ஒரு கட்டடம் நிற்கிறது. கட்டடம் இருக்கிற இடத்தில் கட்டடம் கட்டக் கடன் கிடையாது. பூபதிராஜா மூன்று நாள் தூக்கமில்லாமல் இருந்துவிட்டு, கூட்டத்தைக் கூட்டி, நெஞ்சில் கைவைத்து, பராமரிப்பு மையம் கட்டப்பட வேண்டுமானால் பராமரிப்பு மையம் இடிக்கப்பட வேண்டும் என்று சொன்னார். அதில் ஒளிந்திருந்த நியாயம் எல்லாருக்கும் உடனே விளங்கியது. ஆட்சேபணை இல்லையே என்று கேட்டபோது கடைசி வரிசையில் சுப்பாத்தாள் எழுந்தாள். வழக்கம்போலச் செட்டு எப்போது என்று கேட்பாள் என நினைத்துப் பாதிப் பேர் செருப்பைத் தேடத் தொடங்கியிருந்தார்கள்.

“எங்க ஊட்டுக்காரரு போனப்ப எல்லாரும் ஒரு நிமிசம் எந்திரிச்சு நின்னீங்க. நான் கேட்டது அது இல்லீங்க. வண்டி மேல நிக்கோணும், ஆளு கீழ நின்னு வேலை செய்யோணும், பொழுது சாஞ்சா ஊட்டுக்குப் போகோணும். அது இப்ப நடக்குதுங்க. இதை இடிக்கறதுன்னா இடிங்க. அப்படியே அடுத்தாப்புல யாருக்கு எந்திரிச்சு நிக்கப் போறீங்கன்னு, அதுக்கும் இன்னிக்கே தேதி குறிச்சிருங்க.”

பூபதிராஜா தண்ணீர் குடித்தார். பிறகு தீர்மானம் நிறைவேறியது. கவுன்சிலர் சுப்பாத்தாள் வாழ்த்திப் பேசியதாகக் கூட்டக் குறிப்பில் பதிவானது.

இடிக்க நகரசபையின் சொந்த ஜேசிபியையே அனுப்ப நினைத்தார்கள். அது குழிமேல் பிரித்துப்போட்டபடி நின்றது. பொள்ளாச்சியிலிருந்து வாடகைக்கு ஒன்று வந்தது, ஓட்டி வந்தவர் பேர் ஆசீர்வாதம். பார்க்க வேடிக்கைக் கூட்டம், ஐஸ் வண்டி, போலீஸ். சுப்பாத்தாளும் வந்து ஓரமாக நின்றாள். வழியில் படுப்பாள், மண்ணெண்ணெய் ஊற்றிக்கொள்வாள் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஏமாற்றம். ஆசீர்வாதம் முதல் அடியை வாசல் தூணில் வைத்தார். தூணில் ஒரு கை ஆழத்துக்குக் காயம்; அதிலிருந்து ஆலம்பால் போலக் கெட்டியாக வெள்ளையாய் ஒன்று வடிந்தது. தொட்டுப் பார்த்த ஜின்சன், முதல்தரச் சிமென்ட் பால் என்று தன்னையறியாமல் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். இரண்டாவது அடிக்குள் முதல் காயம் மூடிக்கொண்டிருந்தது. மூன்றாவது அடியில் ஜேசிபியின் எண்ணெய்க் குழாய் வெடித்துக் கை தொங்கிப்போய்விட்டது. ஆசீர்வாதம் இறங்கி வந்து, இந்தப் பக்கத்தில் எங்கே பழுது பார்க்கலாம் என்று சுற்றிலும் கேட்டார். கூட்டம் மொத்தமாகக் கட்டடத்தைக் காட்டியது. சின்னையன் உள்ளே தள்ளச் சொல்லிக் குழாயை மாற்றிக் கொடுத்தான். வேலை முடிந்ததும் ஆசீர்வாதம் வண்டியைக் கிளப்பி, நேரே கோபாலபுரம் பார்த்துத் திருப்பினார். பூபதிராஜா குறுக்கே ஓடி வந்து கைகாட்டினார். “வைத்தியம் பாத்த ஆஸ்பத்திரிய இடிக்க முடியாதுங்க. வேற ஆளப் பாருங்க” என்று சொல்லிவிட்டு ஆசீர்வாதம் எல்லை தாண்டிப் போய்விட்டார். அதற்குப் பிறகு கேட்ட ஒருவரும் வரச் சம்மதிக்கவில்லை.

வழி கண்டுபிடித்தவன் ஜின்சன்தான். அன்றைக்குத் தூணில் பால் வடிந்ததைப் பார்த்ததிலிருந்து அவனுக்குத் தணிக்கைக் கனவு வரவில்லை; பதிலுக்கு ஒரு யோசனை வந்தது. வங்கிக்கு அவன் அனுப்பிய சான்றில், மேற்படி நிலத்தில் கட்டடம் எதுவும் இல்லை, நிழல் தரும் மரம் ஒன்று மட்டும் இருக்கிறது, அது விதையிட்டு நீர்வார்த்து வளர்க்கப்பட்டது, வெட்டினால் பால் வரும், பொது இடத்து மரத்தை வெட்ட வனத்துறை அனுமதி வேண்டும் என்று எழுதினான். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சுப்பாத்தாளுக்குப் போன் செய்து படித்துக் காட்டினான். முழுக்கக் கேட்டுவிட்டு அவள், “சாப்டீங்களா சார்?” என்று கேட்டாள்.

வங்கிக்கு மரத்தில் ஆட்சேபணை இல்லை. பசுமையை அவர்களும் ஊக்குவிக்கிறார்கள். கடன் வந்தது, அதைக் கண்டு அரசின் பங்கும் வெட்கப்பட்டுக்கொண்டு வந்து சேர்ந்தது. அந்தப் பணத்தில் மரத்துக்கு முன்னால் ஒரு சுற்றுச்சுவரும், பெயர்கள் பொறித்த தோரண வாயிலும், ஒரு கண்ணாடி வரவேற்பறையும் முறைப்படி டெண்டர் விட்டுக் கட்டப்பட்டன. அடுத்த மழையில் சுற்றுச்சுவர் சாய்ந்தது, கண்ணாடி அறை ஒழுகியது. பூபதிராஜா ரிப்பன் வெட்டினார், கண்கலங்கப் பேசினார். அது பொய்க் கண்ணீர் என்று சொல்ல முடியாது. அந்த உற்சாகத்தில் விளையாட்டு மைதானத்துக்கும் மின்மயானத்துக்கும் புறவழிச் சாலைக்கும் வரிசையாகக் கல் நாட்டினார், ஒவ்வொன்றுக்கும் ஒரு மூட்டை நவதானியம். ஒன்றும் முளைக்கவில்லை. புறாக்கள் கொழுத்தன. தினமும் யார் குடம் தூக்குவது என்ற கேள்வி எந்தக் கூட்டத்திலும் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

தணிக்கைக்காரர்கள் வந்து, மரத்துக்கு இரும்பு ஷட்டர் இருப்பதேன் என்று கேட்டார்கள். இனம் தெரியவில்லை, விவசாயப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருக்கிறோம் என்று பதில் போனது. பல்கலைக்கழகம் ஒரு துண்டுச் சுவரைக் கொண்டுபோய் இன்னும் வைத்திருக்கிறது. மலைமேல் இருக்கிற அகளியிலிருந்து ஆட்கள் வந்து, நடுவதற்கு ஒரு கிளைத் தூண் கேட்டு வாங்கிப் போனார்கள். மலைக்காற்றுக்கு நன்றாகப் பிடித்திருக்கிறதாம், ஆனால் பள்ளிக்கூடமாக வருகிறதாம். இப்போது வருஷத்துக்கு ஒருமுறை, அறுவடை ஓய்ந்ததும், தென்னை ஏறுகிறவர்களை வைத்துக் கூரைமேல் அதிகப்படியாகத் தழைத்த ஜன்னல்களைக் கழித்துவிடுகிறார்கள். கழித்த ஜன்னல்களை ஏழை வீடுகளுக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். அடுத்த நகரசபைத் தேர்தலில் சுப்பாத்தாளுக்கு ஒரு கட்சியும் சீட்டுத் தரவில்லை. வீட்டு வேலை முடிந்தால் அவள் பாட்டுக்கு வந்து தண்ணீர் விட்டுப் போகிறாள். செட்டில் யாரும் அதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை.

போன ஐப்பசியில் கட்டடத்தின் பின்பக்கம் சிறிதாக, சதுரமாக, புதுத் தளிர் ஒன்று விட்டது. ஓரத்தில் ஒரு குழாய் நெளிந்து மேலேறியது. இது தலைவர்கள் வந்தால் இளைப்பாறுகிற அறையாக இருக்கும் என்றார் பூபதிராஜா. பம்பு அறை என்றான் ஜின்சன். வீடு வீடாகப் போய்க் குப்பை எடுக்கிற பெண்கள், விடிகாலையில் வந்து பொழுது சாய்கிறவரை அவசரத்துக்கு ஒதுங்கத் தோட்டத்தையும் வேலி மறைவையும் தேடி அலைகிறவர்கள், அதைச் சுற்றி நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவள் முருகேஸ்வரி பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். மற்றவர்களை அப்பால் போகச் சொல்லிவிட்டு, குனிந்து, அதன் காதோரம் மெல்ல என்னவோ சொன்னாள்.

கார்த்திகை பிறந்ததும் அதில் கதவு விட்டது. உள்ளே போய்ப் பார்த்தார்கள். தாழ்ப்பாள் உள்பக்கமாக இருந்தது.